சென்னையில் புது ஏரியாவுக்குக் குடிபோகிறீர்களா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

ஜூன் பிறந்தால் ஊரிலிருந்து போன் வர ஆரம்பித்துவிடும். "தம்பிக்கு ஓ.எம்.ஆர்.ல வேலை கிடைச்சிருக்கு. வேளச்சேரி பக்கம் வீடு பார்க்கிறோம். அந்த ஏரியா எப்படி? பயமில்லாம இருக்கலாமா?" (ஓ.எம்.ஆர். என்பது ஐ.டி. அலுவலகங்கள் நிறைந்த பழைய மகாபலிபுரம் சாலை.) பல வருடங்களாகத் தென்சென்னையில் வாடகை வீடு மாறி மாறிக் குடியிருப்பவன் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். நான் பதிலுக்கு மூன்று கேள்வி கேட்பேன். எந்தத் தெரு? வேலை முடிந்து எத்தனை மணிக்கு வீடு திரும்புவான்? வீடு தரைத்தளமா, மாடியா? இந்த மூன்றும் தெரியாமல் ஒரு ஏரியாவை நல்லது, கெட்டது என்று யார் சொன்னாலும் அதை நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம்.

2025 மார்ச் 25 காலையை நினைத்துப் பாருங்கள். சைதாப்பேட்டை, கிண்டி, வேளச்சேரி என்று தென்சென்னையில் ஒரு மணி நேரத்துக்குள் ஆறு இடங்களில் செயின் பறிப்பு நடந்தது. நேரம் காலை ஆறிலிருந்து ஏழு. நகையைப் பறிகொடுத்தவர்கள் நடைப்பயிற்சிக்கும் மற்ற வேலைக்கும் வெளியே வந்த பெண்கள். பறித்தவர்கள் வெளிமாநிலத்துக்காரர்கள், விமானத்தில் தப்பப் பார்த்தபோது விமான நிலையத்திலேயே பிடிபட்டார்கள். நள்ளிரவு, இருட்டுச் சந்து, ரவுடி என்று நாம் மனதில் வைத்திருக்கும் படத்துக்கும் அன்று நடந்ததற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அதனால்தான் ஏரியாவின் பெயரை ஓரமாக வைத்துவிட்டு, அந்தத் தெருவில் எந்தக் குற்றம், எந்த நேரத்தில் நடக்க வாய்ப்பிருக்கிறது என்று பார்க்கச் சொல்கிறேன். அதை எப்படிப் பார்ப்பது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், ஏரியாவின் கெட்ட பெயரை நம்பாதீர்கள்

வியாசர்பாடி, புளியந்தோப்பு, காசிமேடு என்றாலே ஊரில் இருப்பவர்கள் முகம் சுளிப்பார்கள். அங்கே கொலைகள் நடந்ததே இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அப்படிப்பட்ட செய்திகளைத் தலைப்போடு நிறுத்தாமல் முழுதாகப் படியுங்கள். பெரும்பாலும் 'முன்விரோதம்' என்ற சொல் வரும். கொன்றவருக்கும் செத்தவருக்கும் பல வருடப் பகை இருக்கும். புதிதாகக் குடிவந்து, காலையில் வேலைக்குப் போய் இரவு திரும்பும் ஒருவரைத் தேடி அந்தப் பகை வருவதில்லை. உங்களிடமிருந்து போகக்கூடியவை வேறு: செல்போன், பைக், லேப்டாப், கழுத்துச் செயின், வீட்டு அட்வான்ஸ். இவை போவதற்கு வடசென்னையும் ஒன்றுதான், தென்சென்னையும் ஒன்றுதான்.

கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நகரின் நடுவில், கூவம் கரையிலும் அடையாறு கரையிலும் குடியிருந்தவர்களை அரசு கொண்டுபோய்க் குடிவைத்த இடங்கள் இவை. முகவரியில் அந்தப் பெயர் இருந்தாலே வேலை கொடுக்கத் தயங்குபவர்களை நான் பார்த்திருக்கிறேன். அங்கிருந்து விடியற்காலையில் கிளம்பி வந்து ஓ.எம்.ஆர். அலுவலகங்களையும் அடுக்குமாடி வீடுகளையும் சுத்தம் செய்யும் பெண்களைத் தினமும் பஸ்ஸில் பார்க்கிறேன். ஒரு ஏரியா முழுவதையும் குற்றவாளி ஆக்கும் பேச்சை நீங்களும் தொடர வேண்டாம். அது அநியாயம். அதோடு, உங்கள் கவனத்தைத் தப்பான இடத்தில் வைத்துவிடும்.

எந்தக் காவல் நிலைய எல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்

புதிதாக வருபவர்கள் குழம்புவது இங்கேதான். 2022 ஜனவரியிலிருந்து சென்னை மாநகரும் புறநகரும் மூன்று காவல் ஆணையரகங்களாகப் பிரிந்திருக்கின்றன: சென்னை, தாம்பரம், ஆவடி. மாநகராட்சி எல்லை வேறு, போலீஸ் எல்லை வேறு. அம்பத்தூர் சென்னை மாநகராட்சிக்குள் இருக்கிறது, ஆனால் போலீஸுக்கு ஆவடி ஆணையரகம். வேளச்சேரிக்குச் சென்னை ஆணையரகம். அங்கிருந்து வண்டியில் பத்து நிமிடம் போனால் வரும் பள்ளிக்கரணைக்குத் தாம்பரம் ஆணையரகம். எல்லைத் தெருவில் வீடு எடுத்தால், எதிர் வரிசை வீட்டுக்கே வேறு நிலையம் என்றுகூட இருக்கலாம்.

வீட்டு ஓனரிடமே கேளுங்கள், "இங்க எந்த ஸ்டேஷன் லிமிட்?" என்று. அவருக்குத் தெரியாவிட்டால் பக்கத்துக் கடையில் கேளுங்கள். பிறகு ஒருமுறை அந்த நிலையம் வரை நடந்தோ வண்டியிலோ போய்விட்டு வாருங்கள். எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். நிலைய எண்ணை போனில் பதிந்துகொள்ளுங்கள். நகரத்து நிலையங்களில் சட்டம் ஒழுங்குக்கு ஒரு இன்ஸ்பெக்டர், திருட்டு போன்ற குற்றப்பிரிவுக்கு இன்னொருவர் இருப்பார். பைக் காணாமல் போனால் 'கிரைம்' பக்கம் போகச் சொல்வார்கள். இது தெரியாமல் பதற்றத்தில் அலைந்தவர்கள் உண்டு.

புள்ளிவிவரத்தை எவ்வளவு நம்பலாம்?

கொஞ்சம்தான். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் பெருநகரங்களின் கணக்கை வெளியிடுகிறது. அதில் சென்னை ஒரே எண்ணாக இருக்கும், உங்கள் தெரு இருக்காது. அதிலும் அது பதிவான வழக்குகளின் கணக்கு. 2020-ல் தமிழ்நாட்டின் வழக்கு எண்ணிக்கை எகிறியது. கொரோனா ஊரடங்கை மீறியவர்கள் மேல் போட்ட வழக்குகள் குவிந்ததுதான் காரணம்; தெருவில் திருட்டு பெருகிவிட்டது என்று அர்த்தமில்லை. புகாரை ஒழுங்காகப் பதிவுசெய்யும் நிலையத்தில் எண்ணிக்கை கூடுதலாகத் தெரியும், தட்டிக்கழிக்கும் நிலையத்தில் குறைவாகத் தெரியும்.

அதைவிட உதவியானது உள்ளூர்ச் செய்தி. தமிழ் நாளிதழ்களின் சென்னைப் பக்கங்களை ஒரு மாதம் பின்னோக்கிப் பாருங்கள், ஏரியா பெயரைப் போட்டுத் தேடுங்கள். பூட்டிய வீட்டில் திருட்டா, பைக்கா, செயினா, எத்தனை மணிக்கு என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டே வந்தால் நான்கைந்து செய்தியிலேயே ஒரு உருவம் கிடைத்துவிடும்.

மூன்று வேளை நடங்கள்

இந்த வேலையை மட்டும் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். புரோக்கர் உங்களைக் காலை பதினொரு மணிக்குக் கூட்டிப்போவார். அந்த நேரத்தில் சென்னையின் எல்லாத் தெருவும் நல்ல தெருதான்.

முதல் நடை, இரவு ஒன்பதே முக்கால் மணிக்கு. டாஸ்மாக் கடைகள் பகல் 12-க்குத் திறந்து இரவு 10-க்கு மூடும். மூடும் நேரத்து அவசரமும் அதற்குப் பிறகு அரை மணி நேரமும்தான் அந்தக் கடை ஒரு தெருவை என்ன செய்கிறது என்பதைக் காட்டும். பஸ் ஸ்டாப்பிலிருந்தோ ரயில் நிலையத்திலிருந்தோ வீடு வரை, நீங்கள் தினமும் வரப்போகும் அதே வழியில் நடங்கள். எந்த விளக்கு எரியவில்லை, எந்த இடத்தில் இரண்டு பக்கமும் காம்பவுண்டுச் சுவர் மட்டுமே இருக்கிறது, எந்தக் காலி மனையில் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். பத்தரை மணிக்கும் திறந்திருக்கும் கடைகளை எண்ணுங்கள். மருந்துக்கடை, டிபன் கடை, ஒரு ஏ.டி.எம். காவலாளி, திண்ணையில் கதை பேசும் இரண்டு பெரியவர்கள், இவர்கள் இருக்கும் தெரு எனக்குப் பிடிக்கும். பளபளப்பான பெரிய வீடுகளும் உயரமான கேட்டுகளும் இருந்து ஆளே இல்லாத தெருவைவிட, எட்டடிக்குப் பத்தடி வீடுகள் நெருக்கமாக இருந்து வாசலில் நாற்காலி போட்டு உட்காரும் தெரு இரவில் நடக்கத் தைரியமாக இருக்கும். என் அனுபவத்தில் இது தப்பியதே இல்லை.

பறக்கும் ரயிலில் வந்து போகப் போகிறீர்கள் என்றால் நிலையத்துக்குள்ளும் நடங்கள். கடற்கரையிலிருந்து வேளச்சேரி வரும் அந்தப் பாதையின் நிலையங்கள் மாளிகை மாதிரி பெரியவை, ஆனால் பல தளங்கள் வெறுமையாகக் கிடக்கும். பகலில் சரி. இரவு ஒன்பதுக்கு மேல் நடைமேடையிலிருந்து சாலைக்கு வரும் படிக்கட்டு, கீழே வண்டி நிறுத்துமிடம், அங்கிருந்து மெயின் ரோடு, இந்த மூன்றையும் தனியாக வரப்போகும் ஆள் கண்ணால் பார்த்துவிட வேண்டும். சரிப்படாது என்று தோன்றினால் ஐந்நூறு ரூபாய் வாடகை கூடுதலானாலும் பஸ் ரூட்டுக்குப் பக்கத்தில் வீடு பாருங்கள்.

இரண்டாவது நடை, காலை ஐந்தரை மணிக்கு. பால் வண்டி, பேப்பர் போடும் பையன்கள், கோலம் போடும் பெண்கள் எல்லாம் அப்போதுதான் தெருவுக்கு வருவார்கள். எத்தனை வீட்டு வாசலில் கோலம் விழுகிறது என்று பாருங்கள். கோலம் விழும் தெருவில் விடியும்போதே கண்கள் விழித்திருக்கின்றன.

மூன்றாவது, வேலை நாளில் மதியம் இரண்டு மணிக்கு. எல்லாரும் வேலைக்குப் போய்விடும் அடுக்குமாடிகளில் பூட்டு உடைவது பெரும்பாலும் இந்த நேரத்தில்தான். வாட்ச்மேன் என்ன செய்கிறார், கேட் திறந்தே கிடக்கிறதா, நீங்கள் யாரென்று கேட்காமலே மூன்றாம் மாடி வரை போய்வர முடிகிறதா? முடிந்தால் வேறு யாராலும் முடியும். சிசிடிவி கேமராவையும் அண்ணாந்து பாருங்கள். சில வருடங்களுக்கு முன் 'மூன்றாவது கண்' என்று போலீஸும் பொதுமக்களும் சேர்ந்து தெருத் தெருவாகக் கேமரா வைத்தார்கள். அது உண்மையிலேயே பல வழக்குகளில் உதவியது. ஆனால் வைத்த கேமரா எல்லாம் இன்றும் ஓடுகிறதா என்பது வேறு கேள்வி. அசோசியேஷன்காரரிடம் "போன வாரப் பதிவு இருக்குமா சார்?" என்று கேட்டால் உண்மை தெரிந்துவிடும்.

நடக்கும்போது பேசுங்கள். யாரிடம் என்றால், தெருமுனையில் அயர்ன் வண்டி வைத்திருப்பவரிடம். அவர் காலையிலிருந்து இரவு வரை ஒரே இடத்தில் நிற்கிறார், எல்லா வீட்டுத் துணியும் அவரிடம் வருகிறது. தரமணி பக்கம் ஒரு வீடு பார்க்கப் போனபோது நான் ஒரு அயர்ன் கடை அக்காவிடம் இரண்டு சட்டையைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றேன். கரி தட்டிக்கொண்டே சொன்னார்: "திருட்டு எல்லாம் இல்லப்பா இங்க. அதோ அந்த முக்குல காலி கிரவுண்டு இருக்கு பாரு, பத்து மணிக்கு மேல பசங்க உக்காந்து குடிப்பானுங்க. பொம்பளப் புள்ளைங்க அந்தாண்ட சுத்திக்கினுதான் வரும்." ஓனரும் புரோக்கரும் ஒரு மணி நேரத்தில் சொல்லாததை அவர் இரண்டு சட்டை தேய்ப்பதற்குள் சொல்லிவிட்டார். அந்த வீட்டை எடுத்தேன், ஆனால் என் மனைவி அந்த முக்கு வழியாக வந்ததே இல்லை. காலி மனை இருட்டாகக் கிடப்பதைப் பற்றி 1913-க்குப் புகார் சொன்னோம். தெருவிளக்குக்கு மாநகராட்சியின் அந்த எண்தான். தெருக்காரர்கள் மூன்று நான்கு பேர் தனித்தனியாகப் புகார் சொன்ன பிறகு விளக்கு வந்தது.

வீட்டுக்குள் என்ன பார்க்க வேண்டும்

சென்னையில் கேள்விப்படும் ஒரு திருட்டு உண்டு, 'பீரோ புல்லிங்' என்பார்கள். வெயில் காலத்தில் ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்குவோம். ஜன்னலோரம் பீரோ இருந்தால், வெளியிலிருந்தே கம்பியோ கொக்கியோ போட்டு பீரோவை ஜன்னல் பக்கம் இழுத்துத் திறந்து நகையை எடுத்துவிடுவார்கள். பக்கத்தில் படுத்திருப்பவருக்குக்கூடத் தெரியாது. தரைத்தள வீடு என்றால் பீரோ எந்தச் சுவரில் நிற்கும் என்பதைச் சாமான் இறக்கும் முன்பே முடிவு செய்யுங்கள். சாவியை பீரோவிலேயே தொங்கவிடுவது, செருப்பு ஸ்டாண்டிலும் ஈ.பி. மீட்டர் பெட்டியிலும் பூந்தொட்டிக்கு அடியிலும் வைப்பது, இதையெல்லாம் நம்மைவிடத் திருடர்களுக்கு நன்றாகத் தெரியும்.

பேச்சுலர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். உங்கள் அறையில் பூட்டை யாரும் உடைக்க மாட்டார்கள், தேவையே இருக்காது. நான் சென்னை வந்த புதிதில் நான்கு பேர் ஒரே வீட்டில் இருந்தோம். ஒருவன் அதிகாலை ஷிப்ட்டுக்குக் கிளம்பும்போது கதவை வெறுமனே சாத்திவிட்டுப் போனான். ஆறரை மணிக்கு எழுந்து பார்த்தால் சார்ஜரில் போட்டிருந்த இரண்டு போனும் மேஜையில் இருந்த லேப்டாப்பும் இல்லை. சார்ஜர் வயர் மட்டும் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. மூன்று பேர் தூங்கிக்கொண்டிருந்த அறையில், தலைமாட்டிலிருந்து எடுத்துப் போயிருக்கிறார்கள். திருவல்லிக்கேணி மேன்ஷன்களிலும் ஓ.எம்.ஆர். பி.ஜி.க்களிலும் இந்த மாதிரி நிறைய நடக்கும். கதவு சாத்தினால் தானாகப் பூட்டிக்கொள்ளும் பூட்டு ஒன்றை முதல் நாளே மாட்டுங்கள். பழைய குடித்தனக்காரர் கையில் சாவி இருக்கலாம் என்பதால் எப்படியும் பூட்டு மாற்றத்தான் வேண்டும்.

பெண்கள் விடுதி தேடுபவர்கள் முதலில் கேட்க வேண்டியது உரிமம். பெண்கள், குழந்தைகளுக்கான விடுதிகளை முறைப்படுத்தத் தமிழ்நாட்டில் 2014-ல் போட்ட சட்டம் இருக்கிறது, பதிவும் உரிமமும் கட்டாயம். "லைசென்ஸ் காட்டுங்க மேடம்" என்று கேட்டால் கோபப்படும் விடுதியில் தங்க வேண்டாம். வேலைக்குப் போகும் பெண்களுக்கு அரசு நடத்தும் 'தோழி' விடுதிகள் தாம்பரம் உள்ளிட்ட இடங்களில் இருக்கின்றன, இடம் கிடைத்தால் யோசிக்காமல் சேருங்கள்.

பணம் கொடுக்கும் இடத்தில்தான் பெரிய திருட்டு

செயின் போனால் இரண்டு மூன்று பவுன். லீஸ் (மாத வாடகை இல்லாமல் மொத்தமாகப் பணம் கொடுத்துக் குடியிருப்பது) மோசடியில் மாட்டினால் ஐந்து லட்சம், பத்து லட்சம் போய்விடும். நடப்பது இப்படி. ஒருவர் ஓனரிடம் மாத வாடகைக்கு வீட்டை எடுப்பார், "கம்பெனி ஆட்களைத் தங்க வைக்கிறோம்" என்பார். அதே வீட்டை உங்களிடம் 'லீசுக்கு' விடுவார், மொத்தப் பணத்தையும் வாங்கிக்கொள்வார். சில மாதம் ஓனருக்கு வாடகை ஒழுங்காகப் போகும். பிறகு நிற்கும். ஒருநாள் ஓனர் வந்து கதவைத் தட்டி "நீங்க யாரு?" என்று கேட்கும்போதுதான் உங்களுக்கு உண்மை தெரியும். வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்துவிட்டு, குழந்தைகளோடு வாசலில் நின்ற ஒரு குடும்பத்தை எங்கள் தெருவிலேயே பார்த்தேன். அந்த அம்மா அழக்கூட இல்லை, ஒப்பந்தப் பத்திரத்தைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டே இருந்தார்.

எனவே பணம் பேசுவதற்கு முன், ஓனரை நேரில் பாருங்கள். சொத்து வரி ரசீதும் மின் கட்டண ரசீதும் யார் பெயரில் என்று பாருங்கள். சொத்து யார் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று காட்டும் வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் போட்டுப் பார்க்கலாம். பணத்தை ஓனர் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள். இணையத்தில் வீடு பார்த்து, "நான் ராணுவத்தில் இருக்கிறேன், வர முடியாது, டோக்கன் அட்வான்ஸ் அனுப்புங்கள், க்யூஆர் கோடு அனுப்புகிறேன்" என்று யாராவது சொன்னால் அங்கேயே போனை வைத்துவிடுங்கள். பணம் வாங்குவதற்கு நீங்கள் பின் நம்பர் போட வேண்டியதே இல்லை.

ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும். 2019-ல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி அதைப் பதிவுசெய்ய இணையதளம் இருக்கிறது. அட்வான்ஸ் மூன்று மாத வாடகை என்பதே சட்டம் சொல்லும் அளவு, வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் தவிர. பத்து மாதம் கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், பேசிப் பாருங்கள்.

போலீஸ் நிலையத்துக்கு வாடகைதாரர் விவரம் கொடுக்க வேண்டும் என்று ஓனர் போட்டோவும் ஆதாரும் கேட்டால் தப்பாக நினைக்காதீர்கள். 2012-ல் வேளச்சேரியில் ஒரு வாடகை வீட்டில், வங்கிக் கொள்ளையில் சந்தேகிக்கப்பட்ட ஐந்து பேர் போலீஸால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகுதான் குடியிருப்பவர் விவரத்தை ஓனர்கள் நிலையத்தில் தர வேண்டும் என்று சென்னையில் உத்தரவு வந்தது. ஆதார் நகலின் மேல் "வாடகை ஒப்பந்தத்துக்காக மட்டும்" என்று எழுதித் தேதி போட்டுக் கொடுங்கள்.

குடிவந்த முதல் வாரம்

எதிர் வீடு, பக்கத்து வீடு, மேல் வீடு, மூன்று பேரின் போன் நம்பராவது வாங்கிவிடுங்கள். பால் காய்ச்சும் அன்றே ஒரு டம்ளர் கொண்டுபோய்க் கொடுத்தால் அது தானாக நடக்கும். போனில் அவசர உதவிக்கு 112, பெண்களுக்கான 181, இணையப் பண மோசடிக்கு 1930, ஆம்புலன்ஸ் 108 ஆகியவற்றைப் பதிந்து வையுங்கள். தமிழ்நாடு போலீஸின் 'காவல் உதவி' செயலி 2022-ல் வந்தது, அதில் அவசரப் பொத்தான் இருக்கிறது. தரவிறக்கிப் பதிவையும் முடித்து வைத்தால்தான் ஆபத்தில் பயன்படும்.

போனில் *#06# என்று அழுத்தினால் ஐஎம்இஐ எண், அதாவது அந்தப் போனுக்கே உரிய அடையாள எண் வரும். அதை ஒரு தாளில் எழுதி ஊரில் அம்மாவிடம் கொடுத்து வையுங்கள். போனிலேயே சேமித்து வைத்துவிட்டுப் போன் போன பிறகு தேடுபவர்கள் நிறையப் பேர்.

பைக்குக்கு சைடு லாக் மட்டும் போதாது. ஹேண்டில்பாரைக் காலால் ஓங்கி உதைத்து அதை உடைத்துவிடுகிறார்கள், அரை நிமிட வேலை. சக்கரத்துக்கு ஒரு தனிப் பூட்டு வாங்கி மாட்டுங்கள், தெருவில் நிறுத்துவதானால் கட்டாயம்.

பொங்கல், தீபாவளி, மே மாத விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம், ரோந்து போலீஸ் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் அதைவிட முக்கியம், வீடு பூட்டிக் கிடப்பது தெரியாமல் இருப்பது. வாசலில் சேரும் பேப்பர், பால் பாக்கெட், பகலிலும் எரியும் போர்டிகோ விளக்கு, வெளி கிரில்லில் தொங்கும் பெரிய பூட்டு, நான்கு நாளாகக் கோலம் விழாத வாசல், இவைதான் காட்டிக்கொடுக்கும். பேப்பரையும் பாலையும் நிறுத்தச் சொல்லுங்கள். வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம் சொன்னால் வாசல் தெளித்து ஒரு கோலம் போட்டுவிட்டுப் போவார். பயணப் படங்களைத் திரும்பி வந்த பிறகு ஸ்டேட்டஸில் போடுங்கள்.

தெருவில்

நடைபாதையில் வண்டிகளுக்கு எதிர்த் திசையில் நடங்கள், பின்னால் பைக்கில் வருபவருக்கு உங்கள் கழுத்து எட்டாது. காலை நடைக்குத் தாலிச் செயினைக் கழற்ற மனம் வராதவர்கள் துப்பட்டாவையோ சேலைத் தலைப்பையோ கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். 'வழி கேட்க' நிற்கும் பைக்குக்குப் பக்கத்தில் போகாமல் நின்ற இடத்திலிருந்தே பதில் சொல்லலாம், அது மரியாதைக் குறைவு இல்லை.

புறநகர் ரயிலில் படிக்கட்டோரம் நின்று போன் பார்க்காதீர்கள். ரயில் மெதுவாகப் போகும் இடங்களில் கீழே நிற்பவர்கள் கம்பால் கையில் அடித்துப் போனைத் தட்டிவிடுகிறார்கள். அதில் நிலைதடுமாறி விழுந்து உயிர் போனவர்களும் உண்டு. வங்கியிலிருந்து பணம் எடுத்து வரும்போது "சார், உங்க பணம் கீழே விழுந்திருக்கு" என்று யாராவது சொன்னால் பத்து ரூபாய் நோட்டுகள் தரையில் கிடக்கும். நீங்கள் குனியும்போது வண்டியில் மாட்டிய பை போய்விடும்.

உங்களோடு வந்து தங்கும் அம்மாவுக்கோ மாமியாருக்கோ இதைக் கட்டாயம் சொல்லி வையுங்கள். சபாரி போட்ட இரண்டு பேர் வழிமறித்து, "நாங்க போலீஸ்மா. முன்னாடி தெருவுல கலாட்டா நடக்குது, நகையைக் கழட்டிப் பைக்குள்ள வைங்க" என்று அக்கறையாகப் பேசுவார்கள். காகிதத்தில் மடித்துத் தாங்களே பையில் வைத்தும் தருவார்கள். வீட்டுக்கு வந்து பிரித்தால் கல் இருக்கும். உண்மையான போலீஸ் தெருவில் யாரையும் நகை கழற்றச் சொல்ல மாட்டார்கள். "ஸ்டேஷனுக்கு வர்றேன், அங்க பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்துக் கடைக்குள் போய்விடச் சொல்லுங்கள்.

அப்படியும் ஏதாவது நடந்துவிட்டால்

அவசரம் என்றால் 112. இணையத்தில் பணம் போனால் உடனே 1930, நிமிடம் தாமதித்தாலும் பணம் அடுத்த கணக்குக்குப் போய்க்கொண்டே இருக்கும். போன் திருடு போனால் சிம்மை முடக்கிவிட்டுப் புகார் கொடுங்கள், பிறகு மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் ஐஎம்இஐ எண்ணைப் போட்டு அந்தக் கருவியையே முடக்கலாம். வேறு சிம் போட்டாலும் அது இயங்காது.

நிலையத்தில் சொல்லக்கூடிய முதல் வார்த்தை "இது எங்க லிமிட் இல்ல" என்பது. எங்கள் லேப்டாப் போன அன்று இரண்டு நிலையங்களுக்கு நடையாய் நடந்தோம். இப்போது அப்படி நடக்கத் தேவையில்லை. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆவது பிரிவுப்படி எந்த நிலையத்திலும் புகார் கொடுக்கலாம், அவர்கள் பதிந்து உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். 'ஜீரோ எஃப்.ஐ.ஆர்.' என்பது இதுதான். பறிப்பு என்பது இப்போது தனிக் குற்றம், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 304-ஆவது பிரிவு. "செயினை எவனோ எடுத்துட்டான்" என்று எழுதாமல், எங்கே, எத்தனை மணிக்கு, எந்தத் திசையிலிருந்து வந்து பறித்தான், வண்டி என்ன நிறம் என்று எழுதுங்கள்.

நம் ஊர் நிலையங்களில் பெரும்பாலும் முதலில் சி.எஸ்.ஆர். என்ற ரசீதைத் தருவார்கள். அது புகார் வந்து சேர்ந்ததற்கான அத்தாட்சி, எஃப்.ஐ.ஆர். வேறு. பைக் திருட்டுக்கு இன்சூரன்ஸ் கேட்கப் போனால் எஃப்.ஐ.ஆர். இல்லாமல் ஒன்றும் நடக்காது. வாரன்ட் இல்லாமல் கைதுசெய்யத்தக்க குற்றம் என்றால் பதிவுசெய்தே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-லேயே சொல்லிவிட்டது. மறுத்தால் துணை ஆணையருக்குப் புகாரைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், அதற்கும் பலனில்லை என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றம் இருக்கிறது. பதிவானால் எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தர வேண்டும்.

புகாரை இரண்டு பிரதியாக எழுதி எடுத்துப் போங்கள். துணைக்கு ஒருவரைக் கூட்டிப் போங்கள், பக்கத்து வீட்டுக்காரராக இருந்தால் இன்னும் நல்லது. ஒரு பிரதி அவர்களுக்கு, ஒன்று உங்களுக்கு. உங்கள் பிரதியில் நிலைய முத்திரை, தேதி, வாங்கிக்கொண்டவரின் கையெழுத்து மூன்றும் இருக்கின்றனவா என்று நிலையத்தின் வாசல் தாண்டுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.